கண்ணாடி ஓரத்தில் ஒரு சொட்டு

"வீடு ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம், மாப்பிள்ளை. கார் ஒழுகினால் என்னத்தை வைக்கிறது?"

இப்படிக் கேட்டவர் என் மாமனார். கேட்ட இடம் திண்டிவனம். கேட்ட சமயம் 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் வாரம். அந்த வாரத்தை எங்கள் பக்கத்து மனிதர்கள் யாரும் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை ஏறியது. ஏறியதோடு போயிற்றா? மணிக்கணக்காக நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை! விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டுக்கொண்டு ஓடியதால் ரயில்கள் நின்றன. அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலை மீதே ஆறு ஓடிற்று. ஊர் இவ்வளவு பெரிய கஷ்டத்தில் இருக்கும்போது, ஒரு பழைய காரின் கால் விரிப்பு நனைந்ததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

நான் பட்டேன். காரணம், கார் என்னுடையது.

மாமனார் வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். மழை ஓய்ந்ததும் கதவைத் திறந்தால், இடது பக்க முன் இருக்கையின் கீழே ஒரு குட்டிக் குளம். தவளை ஒன்றுதான் இல்லை. வந்தவர் போனவர் எல்லோரும், "வெள்ளத்திலே நனையாத கார் எது, சார்?" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சமாதானம் அடைந்தேன். அங்கேதான் முதல் தப்பு செய்தேன். அந்தத் தெருவில் தண்ணீர் சக்கரத்தில் பாதிகூட ஏறவில்லை. மற்ற மூன்று பக்கத்து விரிப்புகளும் காய்ந்த அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தன. கீழிருந்து வந்த வெள்ளம், நாலு மூலையில் ஒரு மூலையை மட்டுமா தேடி வரும்? அந்தத் தண்ணீர் மேலிருந்து வந்தது. இது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கூட்டேரிப்பட்டு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஜல்லி லாரி ஒன்று. அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஜல்லி லாரியின் மகிமையை நான் சொல்ல வேண்டியதில்லை. டொக் என்று ஒரு சத்தம்; முன் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்; வீடு போய்ச் சேருவதற்குள் நட்சத்திரம் வால் முளைத்துக் கண்ணாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிவிட்டது. புதுக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். சாலை ஓரத்தில் ஒருவர், "ஒரு மணி நேரத்திலே முடிச்சுத் தரேன், சார். கம்பெனி விலையிலே பாதி" என்றார். சொன்னபடியே முடித்தார். ஒரு மணி நேரத்தில் வேலை, பாதி விலை. இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த முன் கண்ணாடி என்பது சாமான்யமான சரக்கு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது அது. அதனால்தான் கல் பட்டாலும் நொறுங்கி முகத்தில் பாயாமல், விரிசலோடு நின்றுவிடுகிறது. 1903-ல் பிரான்ஸ் தேசத்தில் பெனடிக்டஸ் என்ற ரசாயனக்காரர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கைதவறிக் கீழே போட்டாராம். குடுவை உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த ரசாயனம் காய்ந்து தோல் மாதிரிப் படிந்து, துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. அதே 1903-ல்தான் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற அம்மாள் மழைத் தண்ணீரைத் துடைக்கும் வைப்பருக்குப் பேடன்ட் வாங்கினார். ஒரே வருஷத்தில் உடையாத கண்ணாடிக்கு வித்து. நனைந்த கண்ணாடிக்குத் துடைப்பம்! நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் 1989-ல் முன் கண்ணாடி இப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தன. ஆனால் கண்ணாடி எப்பேர்ப்பட்டதாக இருந்தால் என்ன? அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது ஓரத்தில் போடும் ஒட்டுப் பசைதான்.

குளத்தை இறைத்துவிட்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். கடைக்குப் போய் ஒரு குழாய் சிலிகான் பசை வாங்கினேன். கண்ணாடியைச் சுற்றி, கல்யாண வீட்டில் கோலம் போடுகிற மாதிரி இழுத்துவிட்டேன். காடி நாற்றம் மூக்கைத் துளைத்தது. "இனிமேல் ஒரு சொட்டு வராது" என்று என் மனைவியிடம் மார்தட்டினேன்.

டிசம்பர் போயிற்று. ஜனவரி போயிற்று. பிப்ரவரி மாதம், வானத்தில் பஞ்சுப் பொதி அளவு மேகம்கூட இல்லாத ஒரு மத்தியானம், என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினவள், "ஏங்க, இங்கே ஜில்லென்று இருக்கிறதே!" என்றாள். பார்த்தால் விரிப்பு நனைந்திருக்கிறது. மழையே இல்லை, ஒழுகல் மட்டும் இருக்கிறது! பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அப்போதுதான் விழுப்புரத்தில் ஒரு பெரியவரிடம் போகச் சொல்லி மைத்துனர் யோசனை சொன்னார். அம்பாஸடர் காலத்திலிருந்து கண்ணாடி வேலையும் டிங்கர் வேலையும் பார்க்கிறவர். பட்டறை என்று பெயர். ஒரு புளிய மரம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு பையன். அவ்வளவுதான்.

பெரியவர் கார் அருகில் வந்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. என் கோலத்தைப் பார்த்தார். "யாரு போட்டது இது?" என்றார்.

"நான்தான், பெரியவரே."

"நல்லாத்தான் இருக்கு. பொங்கலுக்குப் போட்டிருக்கலாம்."

பிறகு விரிப்பைத் தூக்கினார், தொட்டார், மூக்கில் வைத்துப் பார்த்தார். விரலில் தேய்த்தார். "இனிப்பா வாசனை இல்லே, பிசுபிசுப்பும் இல்லே. அப்போ என்ஜின் தண்ணி இல்லே" என்றார். என்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் உள்ளே கசிந்தால் அப்படி இருக்குமாம். நாக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிடாதீர்கள்; அது விஷம். "வெயில் காலத்திலேயும் நனையுதுங்கிறீங்க. மழைக்கும் நனையுதுங்கிறீங்க. இது ஒரு தண்ணி இல்லே, தம்பி. ரெண்டு தண்ணி."

முதல் தண்ணீரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஏ.ஸி.யைப் போட்டுவிட்டு, காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. நம் ஊர் ஈரக் காற்றிலிருந்து ஏ.ஸி. பிழிந்து எடுக்கிற தண்ணீர், ஒரு சின்ன ரப்பர்க் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டினால் எல்லாம் சரி. சொட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உள்ளேதான். பையன் குழாயின் வாயில் காற்றைச் செலுத்தினான். சேறும் தூசியும் நூலாம்படையும் ஒரு கைப்பிடி வந்து விழுந்தது. பின்னாலேயே கடகடவென்று தண்ணீர். பலர் இந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுகிறார்களாம்.

இரண்டாவது தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் அகப்படவில்லை. இங்கேதான் பெரியவருடைய தொழில் ரகசியத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஓட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது புதிது அல்ல. ஓட்டில் ஓட்டை ஓரிடத்தில் இருக்கும். தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி நகர்ந்து வேறொரு இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை மாற்றுகிறவன் கூலி வாங்கிக்கொண்டு போவான், ஒழுகல் போகாது. காரிலும் அதே கதைதான். கண்ணாடியின் மேல் மூலையில் நுழைகிற தண்ணீர், பக்கத்துத் தூணுக்குள்ளே இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்து நடந்து, கால் வைக்கிற இடத்தில் வந்து தலை நீட்டும்.

முதலில் உள்ளே முழுக்கத் துடைத்துக் காய வைத்தார். தூணின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். கண்ணாடியின் உள் ஓரம் நெடுக முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினார். பையன் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்தான். பெரியவர் வெளியே தோட்டக் குழாயைப் பிடித்தார். வேகமாக அடிக்கவில்லை, தண்ணீர் வழிந்தால் போதும் என்று விட்டார். அதுவும் மேலிருந்து அல்ல, கீழிருந்து. முதலில் வைப்பர் இருக்கிற பள்ளம். சில நிமிஷம் பொறுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம். பிறகு பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே.

"ஏன் மேலேருந்து விடக்கூடாது?" என்று கேட்டேன்.

"மேலேருந்து விட்டா எல்லா இடமும் ஒரே சமயத்திலே நனைஞ்சு போவும். எவன் திருடன்னு எப்படித் தெரியும்?"

குழாய் இடது மேல் மூலைக்குப் போனதுதான் தாமதம். "வருது, வருது!" என்று உள்ளிருந்து பையன் கத்தினான். வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு, புழு ஊர்ந்த மாதிரி. என் சிலிகான் கோலத்தின் அழகான பகுதி அதற்கு நேர் மேலேதான் இருந்தது! இதற்கு இன்னொரு வழியும் உண்டாம். கண்ணாடிக் கதவுகளை எல்லாம் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, விசிறியை முழு வேகத்தில் விட்டு, வெளியே ஓரத்தில் சோப்பு நீரைத் தடவினால், ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை குமிழியிடும். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிற அதே வித்தைதான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

பெரியவர் உள்ளே போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்த மூலையில் வைத்து லேசாகத் தள்ளினார். கண்ணாடி அசைந்தது! என் கண்ணால் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு நூல் அளவு நகர்ந்து திரும்பி வந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"என் மனைவி."

"மடியிலே குழந்தை?"

நான் பதில் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு அப்போது நாலு வயசு. ஜன்னல் ஓரம் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அம்மா மடியில்தான் அவள் சவாரி.

"இது ஏர்பேக் வண்டி, தம்பி" என்றார் பெரியவர்.

புதிய கார்களில் ஓட்டுகிறவருக்குக் காற்றுப் பை கட்டாயம் என்று 2019 ஜூலையில் சட்டம் வந்தது. 2021 ஏப்ரலிலிருந்து வந்த புது மாடல்களில் பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம். இந்தப் பக்கத்து இருக்கைப் பை பல கார்களில் நேரே ஆளை நோக்கிப் பாய்வதில்லை. டேஷ்போர்டிலிருந்து மேலே கிளம்பி, முன் கண்ணாடியில் மோதி, அதன் பலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் ஆளுக்கு எதிரே விரிகிறது. கண் மூடித் திறப்பதற்குள் நடக்கிற சமாசாரம் இது. கண்ணாடி சரியாக ஒட்டியிருக்காவிட்டால் என்ன ஆகும்? பை கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆள் முன்னால் ஒன்றும் இருக்காது. கார் குட்டிக்கரணம் போட்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. கண்ணாடி நன்றாகவே ஒட்டியிருந்தாலும், காற்றுப் பைக்கு எதிரே மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது மகா ஆபத்து என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு இடம் பின் இருக்கைதான். அதுவும் அதற்கு உரிய ஆசனத்தில், வார் போட்டு.

ஆறு மாதமாக இந்தக் கண்ணாடியின் பின்னால் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்து, விக்கிரவாண்டி சுங்கச் சாவடிக்கு முன்னும் பின்னும் நூறில் பறந்திருக்கிறேன். விரிப்பு நனைந்த கவலை எனக்கு. அந்த ஒழுகல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், எனக்கு இந்த விஷயம் தெரிந்தே இருக்காது.

கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னேன். மெல்லிய எஃகுக் கம்பியை ஓரத்தில் நுழைத்து, பெரியவர் வெளியேயும் பையன் உள்ளேயுமாக ரம்பம் அறுப்பது போல் இழுத்தார்கள். சில இடங்களில் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பசை தோலாக உரிந்து வந்தது. பாதி விலைக்காரர் கார்க் கண்ணாடிக்கு உரிய பசைக்குப் பதில் சிலிகானைப் போட்டிருக்கிறார். அதோடு பழைய கண்ணாடியை எடுக்கும்போது கத்தியால் பெயின்டையும் கீறிவிட்டிருக்கிறார். கீறின இடத்தில் ஆறு மாதத்துத் துரு, பக்கோடா மாதிரிப் பொரிந்து நின்றது. அதற்கு மேல் என் திருக்கைக் கோலம் வேறு. காடி நாற்றம் அடிக்கிற சிலிகான் இரும்பை அரிக்கும். அது தடவிய இடத்தில் பிறகு நல்ல பசையும் ஒட்டாது. என் கோலத்தைச் சுரண்டவே பெரியவருக்கு அரை நாள் ஆயிற்று. சுரண்டும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன்தான் அவ்வப்போது என்னைப் பார்த்தான்.

துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய வைத்தார்கள். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறது அல்லவா? அழகுக்கு என்று நினைத்திருந்தேன். வெயில் அடியிலிருக்கும் பசையைச் சுட்டுக் கெடுக்காமல் இருக்க அது ஒரு குடை. அந்தப் பட்டைக்கும் பிரைமர் பூசினார்கள். பிறகு பாலியூரிதேன் என்கிற கறுப்புப் பசையை முக்கோண வரம்பாக, நடுவில் எங்கும் விட்டுப்போகாமல், ஒரே மூச்சில் சுற்றி இழுத்து, கண்ணாடியைத் தூக்கி வைத்தார்கள்.

"வெயில்லே நிறுத்தினா சீக்கிரம் காயுமா?" என்று கேட்டேன்.

"இது வெயில்லே காயற பசை இல்லே. காத்திலே இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத்தான் கெட்டியாவும்."

வேடிக்கையைப் பாருங்கள்! தண்ணீரைத் தடுக்கிற பசைக்குத் தண்ணீர்தான் ஆகாரம். அன்றைக்குக் காரைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் கொடுக்கும்போதும், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள், கதவை ஓங்கிச் சாத்தாதே, உள்ளே அடைபடும் காற்று புதுப் பசையைத் தள்ளிவிடும், சில நாளைக்கு வேகத் தண்ணீர் அடித்துக் கழுவாதே என்று பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் சொல்லுகிற மாதிரி சொல்லி அனுப்பினார்.

காத்திருந்த நேரத்தில் அவர் அம்பாஸடர் கதைகள் சொன்னார். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரையில் செய்துவந்த வண்டி அது. அதில் பசை இல்லை. ரப்பர்ப் பட்டைதான் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கும். ரப்பரின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நூல் கயிற்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியே கண்ணாடியை அமுக்க, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை உருவினால், ரப்பர் உதடு சட்டத்தின் மேல் தானாக ஏறி உட்காரும். நம் கத்தரி வெயிலில் அந்த ரப்பர் சில வருஷத்தில் விறைத்து வெடித்துவிடும்; பிறகு ஒழுகாத அம்பாஸடரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குப் புது ரப்பர்தான் மருந்து. மேலே பசை பூசுவது கிழவருக்கு மை தீட்டுவது மாதிரி என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மரத்தடியில் நிற்கிற வண்டிகளுக்குப் பாதி ஒழுகல் கண்ணாடியால் இல்லையாம். வைப்பருக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் வேப்பிலையும் புளிய இலையும் சேர்ந்து, தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்துவிடும். பள்ளம் நிரம்பினால் தண்ணீர் காற்று உள்ளே வருகிற வழியாக இறங்கிவிடும். கூரையில் ஜன்னல் வைத்த புது வண்டிகளில் அதன் வடிகால் குழாய்கள் தூணுக்குள்ளேதான் இறங்குகின்றன; அவை அடைத்தாலும் பழி கண்ணாடி மேல்தான். என் வண்டியின் பள்ளத்தில் கையை விட்டு, ஒரு பிடி வேப்பிலையை எடுத்துக் காட்டினார். மாமனார் வீட்டு மரத்து இலை. சம்பந்தி வீட்டுச் சீர் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வந்தது. முதல் மழை அன்று இரவு, என் மனைவி இடது பக்க விரிப்புக்குக் கீழே பழைய தினசரி ஒன்றை விரித்து வைத்தாள். பெரியவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல; என் மேல்தான். காலையில் எடுத்துப் பார்த்தோம். காகிதம் பொரி மாதிரிக் காய்ந்திருந்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டு நிமிர்ந்த சமயம், "ஏங்க, பின்னாலே பாருங்க" என்றாள்.

பின் இருக்கையின் கீழே ஒரே ஈரம். மூன்றாவது தண்ணீரா? மேல் மூச்சு வாங்க, டார்ச்சை எடுத்து வந்து குனிந்தேன். இருக்கைக்கு அடியில், மூடி இல்லாமல், கவிழ்ந்து கிடந்தது என் பெண்ணின் தண்ணீர் பாட்டில்.